செயலாளரின் ஆண்டறிக்கை: புத்தகத்தை ஒட்டிய மழலையர் கூடுகைகள்

பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் பெற்றோர்களுக்கும், பேரப்பிள்ளைகளைக் கூட்டிவரும் தாத்தா பாட்டிமார்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். உறுப்பினர் சேர்க்கையும் செயற்குழுத் தீர்மானங்களும் பதிவேட்டில் இருக்கின்றன. அவற்றை மறுபடி வாசித்து உங்கள் நேரத்தை எடுத்துக்கொள்ளவில்லை. இந்த அறிக்கை முழுக்கக் கூடுகைகளைப் பற்றியது. தருமபுரியில் மாதம் இரண்டு சனிக்கிழமை, இரண்டரை முதல் ஐந்து வயது வரையுள்ள பிள்ளைகளும் பெற்றோரும் சேர்ந்து ஒரு படக்கதையை வாசித்து, அதை ஒட்டி விளையாடுகிறார்கள். அடுத்த ஆண்டு பொறுப்பேற்கும் குழுவுக்குக் கைக்குறிப்பாகவும் இது பயன்பட வேண்டும் என்பதால் அளவுகளையும் தவறுகளையும் விடாமல் எழுதியிருக்கிறோம்.

சென்ற பொதுக்குழுவில் ஒரு முடிவு எடுத்தோம்: முதலில் புத்தகம், பிறகுதான் வேலை. அதற்கு முன் நடந்தது தலைகீழ். 'மாம்பழம்' என்று தலைப்பை வைத்து, தோரணம், முகமூடி, வண்ணத்தாள் எல்லாம் முடிவான பிறகு அதற்குப் பொருத்தமாக ஒரு புத்தகத்தைத் தேடினோம். ஐந்து நிமிடம் வாசிப்பு, ஒரு மணி நேரம் ஒட்டு வேலை என்று ஆனது. இந்த ஆண்டு ஒவ்வொரு புத்தகத்துக்கும் மூன்றே வேலை: கைக்கு ஒன்று, உடம்புக்கு ஒன்று, அமைதியாகச் செய்ய ஒன்று. மூன்றும் கதைக்குள் நடக்கும் ஏதாவது ஒரு செயலாக இருக்க வேண்டும். கதையில் யானை வருகிறது என்பதற்காக யானைப் படத்துக்கு வண்ணம் அடிப்பது கணக்கில் வராது. கதையில் யானை எதையோ தூக்குகிறது என்றால், தூக்கிப் பார்ப்பதுதான் வேலை. கடைசிப் பத்து நிமிடம் புத்தகத்தைப் பாயின் நடுவில் சும்மா வைத்துவிடுகிறோம். பிள்ளை தானாக வந்து அதை எடுத்தால் கூடுகை நன்றாக நடந்தது என்று பதிவேட்டில் எழுதுகிறோம்.

புத்தகமும் வாசிப்பும்

பக்கத்துக்கு ஒன்றிரண்டு வரி, பதினாறு பக்கத்துக்குள், திரும்பத் திரும்ப வரும் ஒரு வாக்கியம். இந்த மூன்றும் இருந்தால்தான் இந்த வயதுப் பிள்ளைகளிடம் புத்தகம் எடுபடுகிறது. மூன்றாவதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. அதே வாக்கியம் மறுபடி வரும்போது நாலு வயதுப் பிள்ளைகள் கூடச் சேர்ந்து சொல்லத் தொடங்கிவிடுவார்கள். சின்னவர்கள் அடுத்த வாசிப்பில் சேர்ந்துகொள்வார்கள். படத்தைச் சோதிக்க, புத்தகத்தை ஐந்தடி தள்ளி வைத்துப் பாருங்கள். எழுத்தைப் படிக்காமலே, யார் என்ன செய்கிறார்கள் என்று சொல்ல முடிய வேண்டும்.

வாசிப்பவர் ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்காரக் கூடாது. வெளிச்சம் பிள்ளைகளின் கண்ணில் அடித்து, பக்கம் இருட்டாகத் தெரியும். ஜன்னலைப் பார்த்து, ஒரு சாண் உயர முக்காலியில் உட்கார்ந்தால் புத்தகம் பாயில் இருக்கும் பிள்ளைகளின் கண்மட்டத்துக்கு வரும். பன்னிரண்டு பிள்ளைகளுக்கு மேல் வந்துவிட்டால் இரண்டு குழு, இரண்டு பிரதி. பின்வரிசைக்குப் படம் தெரியாவிட்டால் பிள்ளைகள் எழுந்து முன்னே வருவார்கள். அதைக் குறும்பு என்று அதட்டுவதில் அர்த்தமில்லை.

நம் வட்டாரத்தில் வீட்டில் தெலுங்கு, கன்னடம், உருது பேசும் குடும்பங்கள் ஏராளம். தமிழில் வாசித்தால் சில பிள்ளைகள் வாயே திறப்பதில்லை, பெற்றோருக்கோ அது கூச்சமாகிவிடுகிறது. இப்போது கதையின் முக்கியமான ஒரே ஒரு சொல்லை மட்டும் எல்லா வீட்டு மொழிகளிலும் அந்தந்தப் பெற்றோரையே சொல்ல வைக்கிறோம். பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில் ஒரே கதை பல மொழிகளில் கிடைக்கிறது. திறந்த உரிமம் என்பதால் அச்சிட்டுக் கையில் கொடுக்கலாம். எழுதியவர், வரைந்தவர் பெயர்கள் உள்ள பக்கத்தை மட்டும் காகிதம் மிச்சம் பிடிக்கிறேன் என்று விட்டுவிடக் கூடாது. லேமினேட் செய்த பிரதிகள் இந்த ஆண்டு உதவவில்லை: டியூப் லைட் வெளிச்சம் பக்கத்தில் பட்டுப் பளபளத்துப் படமே தெரியவில்லை. தடித்த தாளில் அச்சிட்டு ஓரத்துக்கு மட்டும் டேப் ஒட்டினால் போதும்.

பரிசல் கூடுகை

ஒகேனக்கல் பக்கத்திலேயே இருப்பதால், ஆற்றைக் கடக்கும் எந்தக் கதையையும் பரிசலாக மாற்றிவிடலாம். படகுக்கு மூக்கு உண்டு, பரிசலுக்குக் கிடையாது. மூங்கில் பிளாச்சில் பின்னிய வட்டக் கூடை அது. ஒரு பக்கமே துடுப்புப் போட்டால் சுற்றும். உடம்புக்கான வேலை இதிலிருந்து வந்தது. பழைய போர்வையில் பிள்ளையை உட்கார வைத்து, பெரியவர் இருவர் மூலைகளைப் பிடித்துத் தரையோடு தரையாக வட்டமாக இழுக்க வேண்டும். தூக்கவே கூடாது. பலகாரத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள். சாப்பிட்ட பிறகு சுற்றினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கைவேலை: கொட்டாங்குச்சிப் பரிசல். தேங்காயை உடைத்தால் ஒரு பாதியில் கண் இருக்கும், மறுபாதியில் இருக்காது. கண் உள்ள பாதி வேண்டாம். மூன்று கண்ணில் ஒன்று மெத்தென்றிருக்கும், அதன் வழியாகத் தண்ணீர் கசிந்து பாதி விளையாட்டில் பரிசல் மூழ்கிவிடும். நாரைச் சுரண்டி, உடைந்த விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்குவது பெரியவர்களின் வேலை. அகலமான பிளாஸ்டிக் தொட்டியில் இரண்டு அங்குலத் தண்ணீர். தொட்டிக்கு நாலு பிள்ளைகள். ஒவ்வொரு 'பயணி'யாக ஏற்றி, எத்தனையாவது ஆள் ஏறும்போது சாய்கிறது என்று எண்ண வேண்டும். ஓரத்தில் வைத்தால் சீக்கிரம் கவிழும், நடுவில் வைத்தால் தாங்கும். இதைப் பிள்ளைகள் தாமே கண்டுபிடிக்கட்டும், நாம் சொல்லிவிட்டால் ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும்.

பயணிகளாக முதலில் புளியங்கொட்டை வைத்தோம். நம் மாவட்டத்தில் புளிக்கா பஞ்சம்! ஆனால் மூக்கிலோ வாயிலோ போட்டுக்கொள்ள அதைவிடத் தோதான அளவு வேறில்லை. இப்போது ஒரு விதி வைத்திருக்கிறோம்: ஒன்றரை அங்குல பிவிசி குழாயில் ஒரு சாண் துண்டு சங்கப் பெட்டியில் இருக்கிறது. அதற்குள் நுழையும் எந்தப் பொருளும் மூன்று வயதுக்குட்பட்டவர்கள் இருக்கும் பாய்க்கு வரக் கூடாது. பயணிகளாக இப்போது அந்தக் குழாய்க்குள் நுழையாத முழு எலுமிச்சையும் மரப்பொம்மைகளும். எலுமிச்சை உருளுவதால் பரிசல் இன்னும் அழகாகக் கவிழ்கிறது.

தண்ணீர்த் தொட்டி இருக்கும் வரை ஒரு பெரியவர் அதை விட்டு நகரக் கூடாது. போனும் கையில் இருக்கக் கூடாது. ஆட்டம் முடிந்த அந்த நிமிடமே தொட்டியைக் கவிழ்த்துவிட வேண்டும். இரண்டு அங்குலத் தண்ணீர்கூடக் குழந்தைக்கு ஆபத்துதான்.

கேழ்வரகுக் கூடுகை

தானியத்தைத் தாம்பாளத்தில் கொட்டி அளையவிடுவது மூன்று வயதைத் தாண்டிய பிள்ளைகளுக்குப் பிடித்த வேலை. சிந்திய கேழ்வரகு சிமெண்ட் தரையில் பால் பேரிங் குண்டுகள் மாதிரி. கால் வைத்தவர் வழுக்குவார். தாம்பாளத்துக்கு அடியில் ஒரு படுக்கை விரிப்பு போட்டால், முடிந்ததும் நாலு மூலையையும் சேர்த்து அப்படியே தூக்கிவிடலாம்.

உருட்ட மாவு வேண்டும் என்றபோது களி போலக் கேழ்வரகு மாவையே பிசைந்து பார்த்தோம். நிற்கவில்லை. அதில் பசையத் தன்மை, அதாவது க்ளூட்டன், இல்லை. உருட்டினால் விரிசல் விட்டு உதிரும். கணக்கு இதுதான்: ஒன்றரை டம்ளர் மைதா, அரை டம்ளர் கேழ்வரகு மாவு, ஒரு டம்ளர் தூள் உப்பு, ஒரு மேசைக்கரண்டி எண்ணெய். முக்கால் டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பிசைய வேண்டும். பன்னிரண்டு பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஓர் எலுமிச்சை அளவு வரும். கல் உப்பு போட்டால் மாவு கிழியும், கையும் உறுத்தும். உப்பு இருப்பதால் மூடிய டப்பாவில் சில நாள் கெடாது. ஆனால் ஐப்பசி மழையில் அதே உப்பு ஈரத்தை இழுத்து மாவைப் பிசுபிசுப்பாக்கிவிடும், அப்போது ஒரு கரண்டி மைதா தூவிப் பிசைந்தால் சரியாகும். கையில் கீறல் உள்ள பிள்ளைக்கு எரியும், முன்பே பாருங்கள். வாயில் வைத்தால் உப்புக் கரித்துத் தானே துப்பிவிடுவார்கள், விழுங்க விடாதீர்கள்.

நிறத்துக்கு மஞ்சள்தூள் போட்டதில் வீட்டில் புகார் வந்தது. மஞ்சள் கறை பட்ட சட்டையைச் சோப்பில் அலசியதும் சிவந்துவிட்டது. சோப்பில் உள்ள காரத்தன்மை (அல்கலி) பட்டால் மஞ்சள் சிவப்பாகும். நன்றாக அலசி வெயிலில் உலர்த்தினால் கறை மெல்ல மங்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

ஒட்டும் பசை பற்றி ஒரு எச்சரிக்கை. நாலு மேசைக்கரண்டி மைதாவை அரை டம்ளர் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கும் ஒன்றரை டம்ளர் தண்ணீரில் ஊற்றிக் கிளறினால் கண்ணாடி போல் வரும். நேராக வெந்நீரில் மாவைக் கொட்டினால் கட்டி கட்டியாகும். சுவரொட்டி ஒட்டுகிறவர்களிடம் மிச்சப் பசை வாங்கி வரலாம் என்று ஒரு யோசனை வந்தது, வேண்டாம். பூச்சி அரிக்காமல் இருக்க அதில் மயில்துத்தம் கலப்பார்கள், அது விஷம்.

நெல்லி

அதியமான் ஊரில் இருந்துகொண்டு, அவன் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்ததை விட முடியுமா. புறநானூற்றின் 91ஆம் பாட்டில் ஔவையே அதைச் சொல்கிறார். பிள்ளைகளுக்கு அரசன், புலவர் என்பதெல்லாம் எட்டவில்லை. 'எனக்குப் பிடித்ததை உனக்குத் தருகிறேன்' என்பது எட்டியது. மெல்லிய துண்டாக நறுக்கிய நெல்லியை மென்று, பிறகு தண்ணீர் குடித்து இனிக்கிறதா என்று பார்ப்பது அமைதி வேலை. முழு நெல்லியோ முழு வேர்க்கடலையோ இந்த வயதுக்குக் கூடாது. இதற்கு எந்தக் கைவேலையும் வைக்கவில்லை, அதனால்தானோ என்னவோ அன்று புத்தகம் கடைசி வரை கைமாறிக்கொண்டே இருந்தது.

பெற்றோர்கள்

கடினமான பகுதி இதுதான். பிள்ளை கோணலாக ஒட்டியதை அம்மா பிய்த்து நேராக ஒட்டுகிறார், அப்பா வீடியோ எடுக்கிறார். 'விட்டுவிடுங்கள்' என்று சொல்லிப் பயனில்லை. பெரியவருக்கும் தனியாக ஒரு தாள், ஒரு மாவு உருண்டை கொடுத்துவிடுங்கள். தன் வேலையில் மூழ்கியவர் பிள்ளையின் தாளைத் தொடுவதில்லை. போட்டோவுக்குக் கடைசி ஐந்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறோம். பாட்டிமார்கள் இந்தத் தவறுகளைச் செய்வதில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

நேரம்: பத்து மணிக்குக் கூடி, கால் மணி நேரம் தன்போக்கில் விளையாட்டு, பத்து நிமிட வாசிப்பு, நாற்பது நிமிடம் வேலைகள், பலகாரம், மறுவாசிப்பு. சித்திரை, வைகாசியில் ஒன்பதுக்கே தொடங்க வேண்டும். பதினோரு மணி வெயிலில் திரும்ப நடக்கும் பிள்ளை அடுத்த கூடுகைக்கு வராது.

மாம்பழக் கூடுகையை இந்த ஆண்டும் சரியாக நடத்தவில்லை. கிளிமூக்கு மாங்காயை வெட்டி அச்சுப் போட்டதில், ஈரத்தால் வண்ணம் வழுக்கியது. காம்புப் பால் பட்டு உதட்டோரம் பொரிந்ததாக ஒரு வீட்டில் சொன்னார்கள். அடுத்த பருவத்தில் காம்பை நறுக்கி, பாலை வடியவிட்டுக் கழுவிய பிறகே மாங்காய் பாய்க்கு வரும். அச்சுக்கு மாவிலை மட்டும், வண்ணம் ஈரப் பஞ்சில் தோய்த்து.

புதிய குழு ஆடியில் ஆற்றில் தண்ணீர் பெருகும் நேரத்துக்குப் பரிசல் கூடுகையை மறுபடி வைத்திருக்கிறது. வீட்டுக்கு இரண்டு கொட்டாங்குச்சி கொண்டுவரவும். கண் இல்லாத பாதி.