இரண்டு அம்பிகாபதி

அன்பு மகள் கயலுக்கு,

அப்பா எழுதுவது. 1937-இல் வந்த அம்பிகாபதி படத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு, 1957-இல் வந்ததை ஒரே மூச்சில் பார்த்து முடித்ததாகப் போனில் சொன்னாய். "பழசில் நட்டுவைத்த மாதிரி நின்றுகொண்டே பாடுகிறார்கள்" என்றாய். நிற்கிறார்கள்தான். ஏன் நின்றார்கள் என்று போனில் சொல்ல ஆரம்பித்தால் நீ குறுக்கே பேசுவாய், அதனால்தான் காகிதம்.

அப்போது தமிழில் பின்னணிப் பாட்டு கிடையாது. அடுத்த வருடம் நந்தகுமார் படத்தில்தான் தயாரிப்பாளர் ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் ஒருவர் குரலை இன்னொருவர் வாய்க்குக் கொடுத்தார். அதுவரைக்கும் கேமரா ஓட ஓட நடிகரே பாட வேண்டும். பக்கவாத்தியக்காரர்கள் படத்தில் விழாத இடத்தில் உட்கார்ந்து வாசிப்பார்கள். மைக்கை விட்டு விலகினால் குரல் போய்விடும். அதனால் அம்பிகாபதியாக வரும் தியாகராஜ பாகவதர் நிற்கிறார். ஆனால் அவர் மேல் ஸ்தாயியைப் பிடிக்கும்போது முகத்தைப் பார். அங்கே தெரிவது பாடுகிறவனின் சொந்த மூச்சு.

கதையே பாட்டை நம்பி உயிரைப் பணயம் வைத்தவன் கதைதானே! கம்பர் மகன் அம்பிகாபதி சோழ இளவரசி அமராவதியைக் காதலித்தான்; அவள் வேண்டுமென்றால் சிற்றின்பம் கலக்காமல் நூறு பாட வேண்டும், தவறினால் தலை போகும். அமராவதி, கணக்கில் சேராத காப்புச் செய்யுளையும் (தொடக்கக் கடவுள் வணக்கப் பாட்டு) சேர்த்து எண்ணி, நூறு ஆயிற்றென்று எட்டிப் பார்த்தாள். தொண்ணூற்றொன்பதில் தலை போயிற்று. இந்த வேஷத்தை இரவல் குரல் இல்லாத ஒருவர் போடுவது எவ்வளவு பொருத்தம்!

1957 படத்தில் சிவாஜிக்கு டி.எம்.எஸ். பாடிக் கொடுத்துவிட்டார். தொண்டைக்கு வேலை இல்லை, முகம் முழுக்க நடிப்புக்கு மிச்சம். கேமராவும் கிட்டே போகலாம். 'சிந்தனை செய் மனமே' கேட்கும்போது குரல் வேறு ஆளுடையது என்பதே எனக்கு மறந்துபோகிறது. ரீமேக் என்றாலே கெடுத்துவிட்டார்கள் என்று புலம்புகிற கூட்டத்தில் நான் இல்லை. அமராவதியாக வரும் பானுமதியைக் கவனித்தாயா? அந்தப் படத்திலும் அவர் பாட்டை அவரேதான் பாடினார். ஜோடியில் ஒருவருக்கு இரவல் குரல், ஒருவருக்குச் சொந்தக் குரல். ஏதோ கொஞ்சம் இடிக்கிறது எனக்கு. உனக்கு இடிக்கவில்லை போலிருக்கிறது.

பழசை எடுத்த எல்லிஸ் ஆர். டங்கன் அமெரிக்கர், தமிழ் தெரியாதவர். ரோமியோ ஜூலியட்டில் காதல் கட்டங்களைக் குறித்து வசனம் எழுதிய இளங்கோவனிடம் கொடுத்தார் என்பார்கள். இளங்கோவனும் அதை மொழிபெயர்ப்பு வாடை அடிக்காமல் எழுதிவிட்டார். பின்னாளில் சிவாஜி வாயால் நாம் கேட்டு மயங்கிய வசனத் தமிழுக்கு அவர்தான் பாதை போட்டவர். நீ நிறுத்திய இடத்துக்குப் பிறகும் அது நிறைய இருக்கிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் என் ஓட்டு புதுசுக்கு. டங்கனின் சதி லீலாவதியில் (1936) கதாநாயகனாக வந்த எம்.கே. ராதா, 1957-இல் கம்பராக வருகிறார். பிள்ளையைப் பறிகொடுக்கும் தகப்பன். செருகளத்தூர் சாமாவின் பழைய கம்பரை விட எனக்கு இவர்தான் நெருக்கம். அப்பன் புத்தி என்று சிரிப்பாய், சிரி.

ஞாயிற்றுக்கிழமை பழசை மறுபடி போடு. பாட்டு வந்ததும் ஓட்டிவிடாமல், ஹெட்போன் மாட்டிக் கேள். அதற்கப்புறமும் சிவாஜிதான் என்றால் வாதாடு, கேட்டுக்கொள்கிறேன். அம்மா அனுப்பிய வடகம் வந்து சேர்ந்ததா என்று கேட்கச் சொன்னாள். மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்.

இப்படிக்கு,
அப்பா