ஆஷ் ஆற்றங்கரை மரம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு உங்கள் நாளிதழின் தோட்டப் பக்கத்தில், அமெரிக்கப் பாலைவன நகரங்களில் வீடு வாங்கியிருக்கும் நம்மவர்கள் என்ன நிழல் மரம் வைக்கலாம் என்று ஒரு கட்டுரை வந்திருந்தது. பட்டியலில் முதலாவதாக 'அரிசோனா சாம்பல் மரம்'. அதன் கீழே, "மண்ணின் மரம் என்பதால் வேர் பிடித்த பிறகு தண்ணீரே தேவையில்லை" என்று எழுதியிருந்தீர்கள். இதே வார்த்தைகளை 2019 மே மாதம் என் வீட்டுக் கொல்லையில் நின்றுகொண்டு ஒருவர் சொன்னார். நான் நம்பினேன். நாலே வருடத்தில் அந்த மரம் செத்தது. இன்னொருவர் வீட்டிலும் அப்படி ஆகிவிடக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் ஃபீனிக்ஸுக்குப் பக்கத்தில் சாண்ட்லரில் இருக்கிறேன். செவிலியர் வேலை, பெரும்பாலும் இரவுப் பணி. காலை எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்து படுத்தால் மூன்று, நான்கு மணி வரை தூங்கியாக வேண்டும். என் படுக்கையறை மேற்குப் பார்த்தது. ஜூன், ஜூலையில் மதியம் இரண்டு மணிக்கு மேல் அந்தச் சுவரில் உள்பக்கம் கை வைத்தாலே சுடும். ஏசி நிற்காமல் ஓடும், தூக்கம் கலைந்துகொண்டே இருக்கும். அதனால் மரம் எனக்கு அழகுக்கான பொருள் அல்ல. வெயிலடித்து மருத்துவமனைக்கு வருகிறவர்களைப் பார்க்கிறவள் நான். 2023இல் ஃபீனிக்ஸ் அடங்கிய இந்த மாரிகோபா கவுண்டியில் (மாவட்டம் மாதிரி) மட்டும் வெயில் தொடர்பான இறப்புகள் 645. நிழலைப் பற்றித் தவறாக எழுதினால் எனக்குக் கோபம் வருவது அதனால்தான்.

முதலில் பெயரைச் சொல்லிவிடுகிறேன். ஆஷ் என்ற மரத்தின் பெயருக்கும் சாம்பலுக்கும் சம்பந்தமில்லை. இரண்டும் வேறு வேறு வேர்ச்சொற்கள், ஆங்கிலத்தில் ஒலி ஒன்றாகிப்போனது, அவ்வளவுதான். இது ஒலிவ மரத்தின் குடும்பம். தமிழிலும் ஆஷ் என்றே எழுதுங்கள். 'சாம்பல் மரம்' என்று போய்க் கேட்டால் எந்த நர்சரியிலும் கன்று கிடைக்காது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அரிசோனா ஆஷ், வெல்வெட் ஆஷ் என்றும் சொல்வார்கள், இந்த மாநிலத்தின் சொந்த மரம்தான். அதில் பிழையில்லை. ஆனால் மாநிலத்தில் எங்கே வளர்கிறது என்று பார்க்க வேண்டாமா? செடோனாவுக்கு மேலே ஓக் க்ரீக் பள்ளத்தாக்குக்கும், டூசான் பக்கத்தில் சபீனோ கேன்யனுக்கும் போனால் காணலாம். காட்டன்வுட், சைக்கமோர் மரங்களோடு ஓடையை ஒட்டி வரிசையாக நிற்கும். அதே பள்ளத்தாக்கில் கரையை விட்டு நூறு அடி மேலே ஏறினால் ஒரு ஆஷ் கூட இருக்காது. இது பாலைவனத்தில் ஓடும் தண்ணீரின் மரம். நம் ஊரில் ஆற்றங்கரை மருதமரம் எப்படியோ அப்படி. மருதத்தைப் பார்த்து 'வறட்சி தாங்கும், தண்ணீர் விட வேண்டாம்' என்று யாராவது சொல்வோமா?

இந்தத் தப்பான எண்ணம் எங்கிருந்து வந்தது என்பதையும் நான் கவனித்திருக்கிறேன். ஃபீனிக்ஸ் நகரின் பழைய பகுதிகளில், சென்ட்ரல் அவென்யூவின் வடக்குப் பகுதி மாதிரி இடங்களில், பெரிய பெரிய ஆஷ் மரங்கள் உண்டு. சொட்டுநீர்க் குழாய் எதுவும் கண்ணில் படாது. பார்க்கிறவர்களுக்குத் தானாக வளர்ந்த மரம் என்று தோன்றும். ஆனால் அந்தப் பழைய மனைகள் பலவற்றுக்கு இன்றும் வாய்க்கால் பாசனம் இருக்கிறது. சால்ட் ரிவர் ப்ராஜெக்ட் என்ற இங்குள்ள நீர் வழங்கும் அமைப்பின் கால்வாயிலிருந்து, கோடையில் ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, முறைத்தண்ணீர் வரும். வீட்டைச் சுற்றி வரப்பு கட்டியிருப்பார்கள். முறை நள்ளிரவில் வந்தால் நள்ளிரவில் எழுந்து மடை திறப்பார்கள். வேலை முடிந்து விடியற்காலையில் அந்தத் தெருக்கள் வழியே வரும்போது புல்வெளி முழுக்கக் கணுக்கால் அளவுத் தண்ணீர் நிற்பதையும், அதில் மரத்தின் நிழல் விழுவதையும் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். இப்போது கட்டுகிற வீடுகளில் சரளைக்கல் பரப்பி, மரத்தின் அடியில் இரண்டு எமிட்டர் (சொட்டுநீர்க் குழாயின் முனை) வைத்துவிட்டுப் போகிறார்கள். இங்கே அந்த ஆறு எங்கிருந்து வரும்?

என் முதல் மரத்தின் கதை இது. 24 அங்குலப் பெட்டியில் இருந்த பெரிய கன்று. பெரிதாக வாங்கினால் சீக்கிரம் நிழல் கிடைக்கும் என்று ஆசைப்பட்டேன். தோட்ட வேலைக்கு வந்தவர் மே மாத வெயிலில் நட்டார். எமிட்டர் இரண்டையும் தண்டை ஒட்டியே வைத்தார். இரண்டு வருடம் கழித்து வந்து, பார்வைக்கு நன்றாக இருக்கும் என்று கீழ்க்கிளைகளை எல்லாம் ஆறடி உயரத்துக்கு வெட்டிவிட்டார். "இனிமேல் தண்ணீரைக் குறைத்துவிடுங்கள், இது நேட்டிவ்" என்றார். குறைத்தேன். முதலில் இலை விளிம்பு பழுப்பானது. தீக்குச்சி காட்டிய காகிதத்தின் ஓரம் மாதிரி. அடுத்த கோடையில் உச்சிக்கிளை இலையில்லாமல் நின்றது. தென்மேற்குப் பக்கத்துப் பட்டை வெடித்து உரிந்தது, அந்த வெடிப்பில் தண்டு துளைப்பான் போட்ட ஓட்டைகள். பிறகு 2023 வந்தது. ஜூன் 30 தொடங்கி 31 நாட்கள் விடாமல் 110 டிகிரி ஃபாரன்ஹீட் அல்லது அதற்கும் மேல், அதாவது 43 செல்சியஸுக்கு மேல். ஜூலை முடிவதற்குள் மரம் காய்ந்துவிட்டது.

அதைப் பிடுங்கும்போது பக்கத்தில் நின்று பார்த்தேன். வேர் பெட்டியின் வடிவத்திலேயே இருந்தது. நாலு வருடம் மண்ணில் இருந்தும், பெட்டிக்குள் சுற்றிய வேர் அப்படியே சுற்றிக்கொண்டு, தன் தண்டையே ஒரு பக்கம் நெரித்திருந்தது. ஒன்றரை அடிக்கு அப்பால் ஒரு விரல் தடிமன் வேர் கூட இல்லை. ஏன் போகும்? ஈரம் அங்கே இல்லையே. தண்ணீர் எங்கே இருக்கிறதோ அங்கேதான் வேர் இருக்கும். அதற்கும் கீழே வெள்ளையாகக் கலீச்சிப் பாறை. சுண்ணாம்புச் சத்து இறுகிக் கல்லான படிவம் அது. கொஞ்சம் வினிகர் ஊற்றினேன், நுரைத்தது.

அன்று படித்த பாடத்தை வைத்து அதே ஆண்டு நவம்பரில் இரண்டாவது மரம் வைத்தேன். ஃபேன்-டெக்ஸ் என்ற வகை. வெல்வெட் ஆஷிலிருந்து தேர்ந்தெடுத்தது, இலை கொஞ்சம் தடிப்பு, நல்ல கரும்பச்சை, விதை போடாது. இந்த முறை 15 காலன் தொட்டியில் இருந்த சின்னக் கன்றுதான் வாங்கினேன். தொட்டியை விட்டு எடுத்ததும் சுற்றியிருந்த வேர்களைக் கத்தியால் வெட்டிப் பிரித்துவிட்டேன். கை நடுங்கியது, ஆனாலும் செய்தேன். குழியைத் தொட்டி ஆழத்துக்குத்தான் தோண்டினேன், அகலம் மட்டும் நாலு மடங்கு. கடப்பாரையால் கலீச்சியை உடைத்து, குழி நிறையத் தண்ணீர் ஊற்றி, மறுநாளைக்குள் வடிகிறதா என்று பார்த்த பிறகுதான் நட்டேன். வடியவில்லை என்றால் அந்த இடத்தில் மரம் வைக்கவே கூடாது. வெறும் நாலடி தள்ளிப் பார்த்தால் சில சமயம் வழி கிடைக்கும்.

தண்ணீர் விடுவதில்தான் எல்லாம் இருக்கிறது. தினமும் பத்து நிமிடம் விட்டால் மேல்மண் ஐந்து அங்குலம் நனையும், வேரும் அங்கேயே நிற்கும், உப்பும் அங்கேயே சேரும். கன்று நட்ட முதல் கோடை தவிர்த்து, மற்றபடி நான் விடுவது எப்போதாவதுதான், ஆனால் விடும்போது இரண்டு மூன்று அடி ஆழம் இறங்கும் வரை விடுகிறேன். கோடையில் ஏழிலிருந்து பத்து நாளுக்கு ஒரு முறை, குளிரில் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை. ஆழம் எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். ஒரு நீளமான இரும்புக் கம்பி போதும். தண்ணீர் விட்ட மறுநாள் குத்திப் பாருங்கள், ஈரமண்ணில் வெண்ணெயில் போவதுபோல் போகும், காய்ந்த மண் வந்ததும் நின்றுவிடும். என் கம்பியில் ஒவ்வோர் அடிக்கும் நெயில் பாலிஷால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். எமிட்டர்களை வருடாவருடம் கிளை விரிவின் ஓரத்துக்கு நகர்த்துகிறேன். தண்டுக்குப் பக்கத்தில் இப்போது எதுவுமே இல்லை.

பாதிக்கு மேல் தண்ணீர் துணி துவைக்கும் இயந்திரத்திலிருந்து போகிறது. அம்மா வந்திருந்தபோது, "ஊர்ல கிணத்தடி வாழைக்குத் துவைச்ச தண்ணிதானே போச்சு, இங்க ஏன் சாக்கடையில விடறே?" என்று கேட்டார். விசாரித்தால், அரிசோனாவில் 2001லிருந்தே இதற்குச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஒரு வீட்டில் நாளொன்றுக்கு 400 காலனுக்குள் என்றால் தனியாக விண்ணப்பம் கூடத் தேவையில்லை. கழிப்பறை, சமையலறைத் தண்ணீர் கூடாது, மண்ணின் மேல் தேங்கக் கூடாது, தெளிக்கக் கூடாது. குழந்தையின் மலம்பட்ட துணி துவைத்த தண்ணீரும் கூடாது. அதனால் குழாயில் ஒரு மூவழி வால்வு வைத்திருக்கிறேன். மருத்துவமனை உடுப்பு துவைக்கிற நாளில் சாக்கடைப் பக்கம் திருப்பிவிடுவேன். மற்ற நாள் தண்ணீர் மூடாக்குப் போட்ட பள்ளத்தில் இறங்கும். சோடியமும் போராக்ஸும் இல்லாத திரவ சோப்பு மட்டும்தான் பயன்படுத்துகிறேன். இந்த மண்ணில் ஏற்கெனவே உப்பும் காரமும் அதிகம். இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் அது இரும்புச்சத்துக் குறை. மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை, காரத்தால் வேருக்குக் கிடைப்பதில்லை.

கீழ்க்கிளைகளை இன்னும் வெட்டவில்லை, அவைதான் பட்டைக்குக் குடை. வெயில் நேராகப் படுகிற பக்கத்தில் வெள்ளை லேடெக்ஸ் பெயிண்டைச் சரிபாதித் தண்ணீர் கலந்து பூசியிருக்கிறேன்.

உங்கள் கட்டுரையில் இன்னொரு குழப்பமும் உண்டு. "வருடம் முழுவதும் பச்சையாக இருக்கும்" என்று இருக்கிறது. அது அரிசோனா ஆஷ் இல்லை, மெக்சிகோவிலிருந்து வந்த ஷமெல் ஆஷ். அது மிகப் பெரிதாக வளரும், வேர் மேலோட்டமாக ஓடி நடைபாதையைத் தூக்கும், இதைவிட அதிகத் தண்ணீர் குடிக்கும், கடுங்குளிரில் கருகும். இரண்டையும் ஒரே மரமாக எழுதினால் வாசகர் எதை வாங்குவார்? அரிசோனா ஆஷ் குளிர்காலத்தில் இலை உதிர்க்கும். எனக்குப் பிடித்ததே அதுதான். டிசம்பரில் மஞ்சளாகிக் கொட்டிவிட்டால் ஜனவரி வெயில் தடையில்லாமல் அறைக்குள் வரும், மறுபடி வெயில் ஏறுவதற்குள் துளிர்த்துவிடும்.

இதையெல்லாம் படித்துவிட்டு, இவ்வளவு பாடுபட முடியாது என்று நினைப்பவர்கள் ஆஷ் வைக்க வேண்டாம், மெஸ்கீட் வையுங்கள், அயர்ன்வுட், பாலோ வெர்டே வையுங்கள். நிழல் மெலிதாக, சல்லடைத் துணிபோல இருக்கும், ஆனால் அவை நிஜமாகவே வறட்சியைத் தாங்குகிறவை. வீட்டில் மூச்சிழுப்பு உள்ளவர் இருந்தாலும் யோசியுங்கள். விதை போடாத வகை என்றால் ஆண் மரம், வசந்தத்தில் மகரந்தம் கொட்டும். சாண்ட்லர், கில்பர்ட் பக்கம் முன்பு பருத்தி விளைந்த நிலத்தில் வீடு என்றால் டெக்சாஸ் வேரழுகலுக்கும் பயப்பட வேண்டும். மண்ணில் ஆழமாக, பல வருடம் இருக்கும் பூஞ்சை அது. ஆஷ் அதற்குச் சீக்கிரம் இரையாகும்.

வெளியூரிலிருந்து விறகு ஏற்றி வராதீர்கள் என்றும் ஒரு வரி போடுங்கள். 2002இல் மிஷிகனில் கண்டுபிடித்த மரகத ஆஷ் துளைப்பான் என்ற வண்டு கோடிக்கணக்கான ஆஷ் மரங்களைக் கொன்றிருக்கிறது. 2022இல் ஓரிகன் வரை வந்துவிட்டது. தானாகப் பறந்து போகும் தூரம் குறைவு, மனிதர்கள் கொண்டுபோகும் விறகில்தான் மாநிலம் விட்டு மாநிலம் தாண்டுகிறது.

என் மரத்துக்கு வரும் நவம்பரோடு இரண்டு வயது. பதினாலு அடி உயரம் வந்துவிட்டது. சுவரிலிருந்து பதினைந்து அடி தள்ளி, மேற்கே கொஞ்சம் தெற்காக நிற்கிறது. இந்தக் கோடையில் முதன்முறையாக, மாலை ஐந்து மணிவாக்கில், அதன் நிழல் என் ஜன்னலில் பாதியை மூடியது. எழுந்து கையை வைத்துப் பார்த்தேன். நிழல் விழுந்த பாதிக் கண்ணாடிக்கும் மற்றப் பாதிக்கும் வித்தியாசம் உள்ளங்கையில் தெரிந்தது.

இங்கே மரம் நட ஏற்ற காலம் அக்டோபர், நவம்பர்தான். உங்கள் கட்டுரையைக் கத்தரித்து வைத்துக்கொண்டு இந்த வாரக் கடைசியிலேயே நர்சரிக்குப் போகிறவர்கள் இருப்பார்கள். தயவுசெய்து வரும் ஞாயிறு இதழிலேயே, அதே தோட்டப் பக்கத்தில், 'தண்ணீரே தேவையில்லை' என்ற வரிக்குத் திருத்தம் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
இரவுப் பணிச் செவிலியர்,
சாண்ட்லர், அரிசோனா