என் மகளின் படத்தை முழுதாக ஒட்டுங்கள்

கோலாலம்பூர் தமிழ்ப்பள்ளிகளின் தலைமையாசிரியர்களுக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம். நான் செந்தூலில் குடியிருக்கிறேன். என் மகள் ஆறாம் ஆண்டு படிக்கிறாள். ஏழு வயதிலிருந்து சீருடற்பயிற்சி, அதாவது ஜிம்னாஸ்டிக்ஸ், பழகி வருகிறாள். போன மாதம் ஒரு போட்டியில் பீமில், அதாவது ஒல்லியான கட்டைமேல் ஆடுகிற பிரிவில், வெண்கலம் வாங்கினாள். பள்ளியில் படம் கேட்டார்கள், அனுப்பினேன். லியோடார்ட், அதாவது உடம்போடு ஒட்டின ஜிம்னாஸ்டிக்ஸ் உடுப்பு போட்டு, கழுத்தில் பதக்கத்தோடு, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்கிற படம்.

இரண்டு நாள் கழித்து அது அறிவிப்புப் பலகைக்கு வந்தது. தலையும் தோளும் மட்டும் வைத்து, மேலே தூக்கிய கையையும் தோளுக்குக் கீழே உள்ளதையும் வெட்டியிருந்தார்கள். பதக்கத்தின் நாடா கொஞ்சம் தெரிந்தது, பதக்கம் தெரியவில்லை. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் பையைக் கீழே வைக்காமலே கேட்டாள்: "ஏம்மா, என் கை காலையெல்லாம் வெட்டிட்டாங்க?"

எனக்குப் பதில் வரவில்லை. அந்தப் பள்ளியின் பெயரை எழுதப் போவதில்லை. கெட்ட எண்ணத்தில் யாரும் செய்ததாகவும் நான் நினைக்கவில்லை. 'நாலு பேர் பார்க்கிற இடம், எதுக்கு வீண் பேச்சு' என்றுதான் செய்திருப்பார்கள். அந்த நாலு பேரைப் பற்றித்தான் உங்கள் எல்லாரிடமும் பேச வேண்டியிருக்கிறது.

2015இல் சிங்கப்பூரில் நடந்த சீ, அதாவது தென்கிழக்காசிய, விளையாட்டுப் போட்டியில் நம் நாட்டு ஜிம்னாஸ்டிக் வீராங்கனை ஃபாரா ஆன் அப்துல் ஹாடி இரண்டு தங்கம் உட்பட ஆறு பதக்கம் வென்றார். அப்போது அவருக்கு 21 வயது. படம் வெளியான உடனே சமூக ஊடகத்தில் கிளம்பிய பேச்சு உங்களுக்கு நினைவிருக்கும். எத்தனை சுற்று சுற்றினார், எப்படிக் கால் ஊன்றி இறங்கினார் என்பதெல்லாம் போய், போட்டிருந்த உடுப்பு மட்டும்தான் பேச்சாக இருந்தது. காலி டின்தான் அதிகம் சத்தம் போடும் என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிட்டு அவர் மறுபடி பயிற்சிக்குப் போய்விட்டார். அன்றைய விளையாட்டுத்துறை அமைச்சர் கைரி ஜமாலுடினும் வெளிப்படையாக அவர் பக்கம் நின்றார். ஆறு வருடம் கழித்து, 27 வயதில், அதே ஃபாரா ஆன் டோக்கியோ ஒலிம்பிக் களத்தில் நின்றார். 2000இல் சிட்னிக்குப் போன அவ் லி யென்னுக்குப் பிறகு, ஆர்ட்டிஸ்டிக் ஜிம்னாஸ்டிக்ஸில் ஒலிம்பிக் போன மலேசியப் பெண் அவர்தான். நடுவில் 21 வருடம்.

2015இல் அந்தப் பேச்சுக்குப் பயந்து அவர் வீட்டில் "போதும்மா" என்று சொல்லியிருந்தால்? நம் வீடுகளில் அதைத்தானே சொல்கிறோம். அதுவும் 21 வயதில் இல்லை, 11 வயதிலேயே சொல்லிவிடுகிறோம்.

என் மகளோடு சேர்ந்து வகுப்பில் நுழைந்த தமிழ்ப் பிள்ளைகள் ஐந்து பேர். இன்றைக்கு இவள் ஒருத்திதான் மிச்சம். ஒருத்திக்குக் கட்டணம் கட்ட முடியவில்லை. ஒருத்திக்குக் கணித டியூஷன் அதே நேரத்தில் வந்துவிட்டது. மற்ற இரண்டு பேருக்கும் காரணம் ஒன்றுதான்: வயதுக்கு வந்துவிட்டார்கள். சடங்கு முடிந்த மறுவாரம் அம்மா வந்து பயிற்றுநரிடம் சொல்லிவிட்டுக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அதில் ஒரு பிள்ளை வாசல் வரை போய், திரும்பி ஓடிவந்து, பார்ஸ் என்கிற உயரக் கம்பியில் ஒரு தடவை தொங்கிவிட்டுப் போனாள். அதை நான் பார்த்தேன்.

இந்த விளையாட்டில் ஒரு பெண் 16 வயது ஆகும் வருடத்தில்தான் சீனியர் போட்டிக்கே போக முடியும். 1997இலிருந்து அதுதான் உலக விதி. 12 வயதில் நிறுத்துவது என்றால் என்ன அர்த்தம்? அரிசி களைந்து, உலை கொதித்த பிறகு அடுப்பை அணைப்பது.

பீம் என்றால் என்னவென்று பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். ஐந்து மீட்டர் நீளம், தரையிலிருந்து 125 சென்டிமீட்டர் உயரம், அகலம் வெறும் 10 சென்டிமீட்டர். உள்ளங்கையை விரித்து வைத்தால் அவ்வளவுதான். அதன்மேல் நடக்க வேண்டும், குதிக்க வேண்டும், பின்பக்கமாகக் குட்டிக்கரணம் அடித்து அதே 10 சென்டிமீட்டரில் கால் வைக்க வேண்டும். எங்கள் அடுக்குமாடி வீட்டு நடைபாதையில், ஓடு பதித்த வரிசையில் மாஸ்கிங் டேப் ஒட்டி வைத்திருக்கிறாள். பல் விளக்கப் போகும்போதுகூட அதன்மேல்தான் போவாள். பார்ஸ் பழகிய அன்று உள்ளங்கையில் தோல் பிய்ந்து வரும். ராத்திரி வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கையை வைத்துக்கொண்டு பல்லைக் கடிப்பாள். காய்ந்ததும் நான் தேங்காய் எண்ணெய் தடவிவிடுவேன். 12 வயதுக் கை, தொட்டால் கொத்தனார் கை மாதிரி இருக்கிறது. பலகையில் ஒட்டிய படத்தில் வெட்டுப்பட்டது அந்தக் கைதான்.

நம்ம ஆட்களுக்கு இது சரிப்படாது என்றும் ஒருவர் சொன்னார். திரிபுரா மாநிலம் அகர்தலாவில் பிறந்த தீபா கர்மாக்கரை நினைத்துப் பாருங்கள். பிறவியிலேயே தட்டைப் பாதம். ஓடி வந்து எம்பிக் குதிக்கிற விளையாட்டுக்கு அது பெரிய குறை. நல்ல கருவிகள்கூட இல்லாத ஊரில் பிஸ்வேஷ்வர் நந்தி என்ற பயிற்றுநர் அந்தப் பாதத்தை வைத்தே அவரைத் தயார் செய்தார். 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் வெண்கலம். 2016இல் ரியோவுக்குப் போனார், ஒலிம்பிக் போன முதல் இந்திய ஜிம்னாஸ்டிக் வீராங்கனை. அங்கே வால்ட்டில், அதாவது ஓடி வந்து மேசையைத் தாண்டுகிற பிரிவில், புரோடுனோவா என்ற வகையைச் செய்தார். மேசையில் கை ஊன்றி எழும்பி, முன்பக்கமாக இரண்டு முறை சுழன்று இறங்குவது. கணக்குத் தப்பினால் கழுத்து போய்விடும். கிட்டத்தட்ட உட்கார்ந்துவிடுகிற மாதிரி இறங்கி, எழுந்து நின்றார். இரண்டு வால்ட்டின் சராசரி 15.066. வெண்கலத்துக்கு 0.150 குறைவு, நான்காம் இடம்.

அதோடு முடியவில்லை. முழங்கால் அறுவை சிகிச்சை, 2018இல் துருக்கியில் நடந்த உலகச் சவால் கோப்பையில் தங்கம், நடுவில் ஊக்கமருந்து விதியால் 21 மாதத் தடை. அந்தத் தடையையும் பிள்ளைகளிடம் மறைக்க வேண்டாம், என்ன மாத்திரை போடுகிறோம் என்று கேட்டுப் போடும் பழக்கம் வரட்டும். எல்லாம் கடந்து, 2024இல் தாஷ்கண்டில் ஆசிய வெற்றியாளர் போட்டியில் வால்ட் தங்கம். வயது 30. அதே வருடம் அக்டோபரில், தானே முடிவு செய்து ஓய்வு பெற்றார். எனக்கு அந்தக் கடைசி விஷயம்தான் முக்கியம். எப்போது நிறுத்துவது என்பதை விளையாடியவரே முடிவு செய்தார்.

பெற்றோருக்கு இருக்கிற பயம் வீண் பயம் என்று நான் சொல்லவே மாட்டேன். அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் அணியின் மருத்துவராக இருந்த லேரி நாசர், சிகிச்சை என்ற பெயரில் பெண் பிள்ளைகளைத் தப்பாகத் தொட்டதை எந்தத் தாயும் மறக்கக் கூடாது. 2018 ஜனவரியில் மிச்சிகன் நீதிமன்றத்தில் 150க்கும் மேற்பட்ட பெண்கள் எழுந்து நின்று சொன்னார்கள். தானும் பாதிக்கப்பட்டதாக அமெரிக்க ஜிம்னாஸ்டிக் வீராங்கனை சிமோன் பைல்ஸும் அதே மாதம் வெளியில் சொன்னார். அந்தச் செய்தியைப் படித்துவிட்டு நானும் பல நாள் தூங்கவில்லை. ஆனால் அதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது வேறு. தன் உடம்பைப் பற்றி வாய் திறந்து பேசத் தெரிந்த பிள்ளைதான் "இவர் தப்பாகத் தொட்டார்" என்று அம்மாவிடம் வந்து சொல்லும். கை காலைக் காட்டுவதே வெட்கம், படத்தில்கூட வெட்டிவிட வேண்டும் என்று நாம் கற்றுக்கொடுத்தால், நாளைக்கு அந்தப் பிள்ளை எதைச் சொல்லும், யாரிடம் சொல்லும்?

ஆகவே பயிற்சிக் கூடத்தின் கதவு திறந்திருக்கிறதா, பெற்றோர் உட்கார்ந்து பார்க்க இடம் இருக்கிறதா, பெண் பயிற்றுநர் இருக்கிறாரா என்று கேளுங்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கமே முன்னால் நின்று கேட்டால் எங்களுக்குப் பெரிய பலம். உடுப்புதான் உறுத்துகிறது என்றால், கணுக்கால் வரை மூடிய உடுப்புக்கும் உலக விதியில் இடம் இருக்கிறது. டோக்கியோவில் ஜெர்மன் அணி அதைத்தான் போட்டுக்கொண்டு ஆடியது. எதைப் போடுவது என்று அந்தப் பிள்ளை சொல்லட்டும். பிரிக்பீல்ட்ஸில் பரதம் ஆடுகிற பிள்ளைக்கு அரங்கேற்றம் என்றால் மண்டபம் பிடித்து, பதாகை அடித்து, தலை முதல் சலங்கை வரை படம் போடுகிறோம். ஜிம்னாஸ்டிக்ஸில் ஃப்ளோர் என்கிற தரைப் பிரிவிலும் இசைக்குத்தான் ஆடுகிறார்கள்.

அப்புறம், போட்டி நாள்களில் விடுமுறை கேட்டு வரும் கடிதத்தை, ஏதோ கல்யாணத்துக்குப் போகிறவர்கள் கடிதம் மாதிரி பார்க்காதீர்கள். வயதுக்கு வந்த பிள்ளை ஒரு வாரம் பயிற்சிக்குப் போகவில்லை என்றால், வகுப்பாசிரியை அந்த அம்மாவைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை பேசுங்கள். உங்கள் பேச்சுக்கு எங்கள் வீடுகளில் மரியாதை உண்டு. டீச்சர் சொன்னால் அப்பா கேட்பார்.

இந்த வருடக் கடைசியில் என் மகள் தமிழ்ப்பள்ளியை விட்டு இடைநிலைப்பள்ளிக்குப் போய்விடுவாள். அதற்குள் அந்தப் பலகையில் அவள் படம் முழுதாக வர வேண்டும் என்று ஆசைப்படுகிறாள். புதிதாக ஒன்று கழுவி வைத்திருக்கிறேன். யாரிடம் கொடுக்க வேண்டும் என்று சொன்னால், திங்கட்கிழமை காலையில் நானே கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
செந்தூலில் இருந்து ஒரு தாய்