அவனே படித்து முடிக்கிற புத்தகமாகப் பார்த்து வாங்கு

அன்பு மகளுக்கு,

போனில் நீ கேட்டபோது பேரன் உன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான். அவன் காதுபடப் பேச வேண்டாம் என்றுதான் அப்புறம் எழுதுகிறேன் என்றேன். படப் புத்தகமெல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கு என்று சொல்ல ஆரம்பித்துவிட்டான், இனி அத்தியாயம் பிரித்த கதைப் புத்தகம் வாங்கலாமா என்றாய். தாராளமாக வாங்கு. ஆனால் நீ படித்துக்காட்டிய பட்டியலில் இருக்கிற கனமான புத்தகங்களை இப்போதைக்கு அவன் கையில் கொடுத்துவிடாதே. இது ரொம்பச் சுலபமாயிற்றே என்று உனக்குத் தோன்றுகிற புத்தகம்தான் இப்போது அவனுக்குச் சரி.

எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளையின் கவனம் முழுக்க எழுத்திலேயே கரைந்துவிடும். வரியின் கடைசிக்கு வருவதற்குள் அதன் தொடக்கம் மறந்துபோகும். அப்புறம் கதை எங்கே மனதில் நிற்கும்? எம்மெட் பெட்ஸ் என்ற வாசிப்பு ஆய்வாளர் 1946-லேயே இதற்கு ஒரு கணக்குச் சொன்னார். 100 சொல்லில் 99-ஐத் தடங்கலில்லாமல் படித்தால் பிள்ளை அந்தப் புத்தகத்தைத் தனியாகவே படிக்கலாம். 90-க்குக் கீழே இறங்கினால் எரிச்சல்தான் மிஞ்சும்.

வாங்கும் முன் நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து அவனை வாய்விட்டுப் படிக்கச் சொல். தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்கட்டும். பக்கம் முடிவதற்குள் ஐந்தும் மடங்கினால் அந்தப் புத்தகம் இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்பது பல ஆசிரியர்கள் சொல்லும் வழி. இந்த வகைப் புத்தகத்தில் ஒரு பக்கத்துக்குச் சொற்களே குறைவு என்பதால் மூன்று மடங்கினாலே நான் யோசிப்பேன். அவன் கண் எங்கே போகிறது என்றும் பார். சொல்லைப் பார்க்காமல் படத்தைப் பார்த்து எதையோ ஊகித்துச் சொல்கிறான் என்றால் அந்தப் பக்கம் அவனுக்குக் கடினம்.

அத்தியாயம் ஒரே மூச்சில் முடிய வேண்டும். ஐந்தாறு பக்கம் போதும், அதற்குள் ஏதாவது ஒன்று நடந்து முடிந்திருக்க வேண்டும். எழுத்து பெரிதாக, வரிகளுக்கு நடுவே நல்ல இடைவெளியோடு இருக்கட்டும். படத்தின் மேலேயே எழுத்தை அச்சடித்த புத்தகம் வேண்டாம். கதாபாத்திரங்கள் குறைவாக இருப்பது நல்லது. ஒரே எழுத்தில் தொடங்குகிற இரண்டு பெயர்கள் வந்தால் யார் யார் என்று பிள்ளை குழம்பிவிடும். பேச்சு வருகிற இடத்தில் யார் பேசுகிறார்கள் என்று தெளிவாகத் தெரிகிறதா என்றும் பார்த்துக்கொள்.

தமிழ்ப் புத்தகம் என்றால் இன்னொன்று. பக்கம் காலியாக இருப்பதுபோல் தெரியும், ஆனால் 'போய்க்கொண்டிருந்தபோது' என்று ஒரே சொல்லாக வந்து நிற்கும். பெரியவர்கள் அதைத் தாண்டிப் போய்விடுவோம். அவனுக்கு அதுவே ஒரு மலை. அதுவும் போக, அவன் வாயில் வருவது 'வந்தாங்க', புத்தகத்தில் இருப்பது 'வந்தார்கள்'. அதனால் முதல் அத்தியாயத்தை மட்டும் நீ வாசித்துக் காட்டு. காது பழகிவிட்டால் மீதியை அவனே பார்த்துக்கொள்வான்.

சுலபமான சொற்களில் நல்ல கதை எப்படி வரும் என்று உனக்குச் சந்தேகம் வரலாம். 1957-ல் வந்த 'தி கேட் இன் த ஹாட்' என்ற ஆங்கிலப் புத்தகத்தைக் குழந்தைகள் எழுத்தாளர் டாக்டர் சூஸ் எழுதியது வெறும் 236 வெவ்வேறு சொற்களைத் திரும்பத் திரும்ப வைத்துத்தான். அது இன்றைக்கும் பிள்ளைகளைச் சிரிக்க வைக்கிறது. சொல் குறைவாக இருக்கலாம், கதை மந்தமாக இருக்கக் கூடாது. அவனுக்கு வாசிப்பு இப்போதுதான் வருகிறதே தவிர யோசனை நன்றாகவே ஓடுகிறது. துப்பறிகிற கதையோ, எறும்பைப் பற்றிய தகவல் புத்தகமோ, எது அவனை இழுக்கிறதோ அதிலேயே சுலபமானதைத் தேடு. நீதி போதிப்பதற்கென்றே எழுதின கதைகளை நான் ஒதுக்கிவிடுவேன். பிள்ளைகள் அதை முதல் பக்கத்திலேயே மோப்பம் பிடித்துவிடுவார்கள்.

முடிந்தால் தொடராக வருவதை எடு. அதே ஆட்கள், அதே வீடு, அதே மாதிரிக் குறும்பு. நமக்கு அலுத்துப்போகும். ஆனால் இரண்டாவது புத்தகத்தைத் திறக்கும்போதே பாதி விஷயம் அவனுக்குத் தெரிந்திருக்கும், பெயர்களில் தடுக்கி விழ மாட்டான். படித்ததையே திரும்பப் படித்தாலும் விடு, வேகம் அப்படித்தான் கூடும். படிக்கும்போது ஒவ்வொரு பிழையையும் திருத்தாதே. அர்த்தம் கெடாத இடத்தில் பேசாமல் இரு.

உன் பட்டியலில் இருக்கிற தடிப் புத்தகங்களும் வீணாகாது, கண்ணு. ராத்திரி நீ வாசி, அவன் கேட்கட்டும். தானே படிக்கத் தொடங்கிவிட்டானே என்று வாசித்துக் காட்டுவதை நிறுத்திவிடாதே. அவன் கண்ணுக்கு இன்னும் எட்டாத சொற்கள் காது வழியாக வரட்டும்.

வாங்கப் போகும்போது அவனையும் அழைத்துப் போ. இரண்டு மூன்றை நீ பொறுக்கி வை, அதில் ஒன்றை அவன் எடுக்கட்டும். எடுத்ததும் அட்டையையும் நடுப்பக்கம் ஒன்றையும் போட்டோ எடுத்து அனுப்பு, நான் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா