கண்ணாடிக்குள் கோடுகள்

ஆசிரியருக்கு,

மூளை பாதிப்பால் உடல் அசைவு தடுமாறும் பார்க்கின்சன் நோயாளிகள் நடக்க உதவும் 'ஆக்மென்டட் ரியாலிட்டி' கண்ணாடி பற்றிய செய்தியைப் படித்தேன். எதிரே உள்ள தரையில் கோடுகள் இருப்பது போலக் காட்டும் கண்ணாடி அது. என் அப்பாவுக்கும் இந்த நோய் உண்டு. படி ஏறுவதில் அவருக்குச் சிரமமே இல்லை. சமதரையில், அதுவும் கதவருகே வந்தால், பாதத்தைப் பசை போட்டு ஒட்டியது போல நின்றுவிடுவார். உடம்பு முன்னே சாயும், கால் வராது.

தரையில் ஓரடிக்கு ஒன்றாகக் குறுக்கே நாடா ஒட்டினோம். ஒவ்வொன்றையும் தாண்டித் தாண்டி நடந்துவிட்டார்! தானாக நடக்கவைக்கும் மூளைப்பகுதி தடுமாறும்போது, கண்ணில் படும் கோடு வேறு வழியாகக் காலை எடுக்கவைக்கிறதாம். பர்டன் மார்ட்டின் என்ற மருத்துவர் 1967-லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார்.

சரி, நாடாவை வீட்டில் ஒட்டலாம், தெருவிலும் கடையிலும் ஒட்ட முடியுமா? கண்ணாடி என்றால் போகுமிடமெல்லாம் கோடு கூடவே வரும். ஆனால் பலன் ஆளுக்கு ஆள் மாறுகிறது. கனமான கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கோட்டையே பார்த்து நடப்பவர் எதிரே வரும் சைக்கிளைக் கவனிப்பாரா? தயாரிப்பாளர்கள் பளபளப்பான ஆய்வகத் தரையை விட்டுவிட்டு, குறுகலான கதவு வழியாக இவர்களை நடக்கவைத்துப் பார்க்கட்டும். அப்புறம் விலையைப் பேசலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்