இளம் வீரர்களை விட்டுக்கொடுப்பது பற்றி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்க பேஸ்பால் ஆட்டங்கள் நமக்கு விடியற்காலையில்தான் தொடங்குகின்றன. தோ பாயோ வீட்டில் கோப்பி ஆறும்வரை நானும் என் பேரனும் அவற்றைப் பார்ப்பது வழக்கம். பருவத்தின் நடுவே ஒரு தொடக்கப் பந்துவீச்சாளரை, அதாவது ஆட்டத்தின் தொடக்கத்திலிருந்து பந்துவீசுபவரைப் பெறுவதற்காக, மிகச் சிறந்த இளம் வீரர்களை வேறோர் அணிக்குத் தாரைவார்க்கலாமா என்று அவன் கேட்டதற்கான பதிலே இக்கடிதம்.

1987 ஆகஸ்டில் டெட்ராய்ட் அணி, மிச்சிகனிலேயே பிறந்த 20 வயதுப் பந்துவீச்சாளர் ஜான் ஸ்மோல்ட்ஸை அட்லாண்டாவுக்குக் கொடுத்து, 36 வயதுப் பந்துவீச்சாளர் டாயில் அலெக்சாண்டரைப் பெற்றது. அவர் 9 ஆட்டங்களில் வென்று ஒன்றில்கூடத் தோற்காமல் அணியைத் தன் பிரிவில் முதலிடத்துக்குக் கொண்டுசென்றார் என்பது உண்மைதான். ஆனால் அடுத்த சுற்றில் வீசிய இரு ஆட்டங்களிலும் தோற்றார், ஈராண்டுகளில் ஓய்வும் பெற்றார். ஸ்மோல்ட்ஸோ 213 வெற்றிகளுடன் 2015ல் பேஸ்பாலின் தலைசிறந்தவர்களுக்கான புகழ்மண்டபத்தில் இடம்பெற்றார்.

இதற்கு மாறாக, 2017ல் பந்துவீச்சாளர் ஜஸ்டின் வெர்லாண்டருக்காக ஹியூஸ்டன் கொடுத்த மூன்று இளைஞர்களில் எவரும் நட்சத்திரமாகவில்லை. அணியோ அவ்வாண்டே உலகத் தொடர் எனப்படும் இறுதிக் கிண்ணத்தை வென்றது. வெர்லாண்டருடைய ஒப்பந்தம் 2019 வரை இருந்ததையும் மறக்கலாகாது.

ஐந்து நாளுக்கு ஒருமுறை வீசுபவர் வீரர் மாற்றத்துக்கான கெடு முடியும் ஜூலை இறுதியில் வந்தால், வழக்கமான பருவத்தில் ஏறத்தாழ 11 ஆட்டங்களே அவருக்குக் கிட்டும். ஆகவே, பருவம் முடிந்ததும் விலகக்கூடியவருக்காக முதன்மையான இளைஞரைக் கொடுக்கவே கூடாது. இன்னும் இரண்டு மூன்று ஆண்டு ஒப்பந்தம் எஞ்சியிருப்பவர் என்றால் மட்டும் துணியலாம் என்பது என் உறுதியான கருத்து.

இப்படிக்கு,
தோ பாயோ வாசகர்