கிரேஸுக்கு ஒரு பதில்

பாளையங்கோட்டை

அன்புள்ள கிரேஸ்,

ஸ்தோத்திரம். உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. அன்றைக்கு எங்கள் கோவிலில் அசனம், அதான் சபையாருக்கெல்லாம் சாப்பாடு. மதியம் முழுக்கக் குழம்பு வாளியும் கையுமாக நின்றுவிட்டு, வீட்டுக்கு வந்து கால் கழுவிய பிறகுதான் பிரித்தேன். ஏட்டி, 59 வயதில் ஜார்க்கண்டா?

ஒரு வருஷம் வந்து நர்ஸ் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள் என்று அந்த மிஷன் ஆஸ்பத்திரியில் கேட்டிருக்கிறார்கள். நீயோ, இது கர்த்தருடைய அழைப்பா, வீட்டில் சும்மா உட்கார முடியாத என் மனசா என்று என்னைக் கேட்கிறாய். எனக்கு எப்படியடி தெரியும்? நம் ஆட்கள் ‘அழைப்பு’ என்ற வார்த்தையை ரொம்ப மலிவாக்கிவிட்டார்கள். துபாயில் வேலை கிடைத்தால் கர்த்தர் வழிநடத்தினார். பிடிக்காத ஊருக்கு டிரான்ஸ்ஃபர் வந்தால் சத்துருவின் போராட்டம். அதற்காக, கஷ்டமான இடம் என்பதாலேயே அது அழைப்பாகிவிடும் என்றும் நான் நம்பவில்லை.

உன் கடிதத்துக்குப் பிறகு ஆதியாகமம் 12ஐ மறுபடி வாசித்தேன். “உன் தகப்பனுடைய வீட்டையும் விட்டுப் புறப்பட்டு” என்பதை வைத்து எத்தனை கன்வென்ஷன் செய்தி கேட்டிருப்போம்! அடுத்ததை யாரும் வாசிப்பதில்லை. ஆபிராம் 75 வயதில் கிளம்பும்போது மனைவி, சகோதரன் மகன், சேர்த்து வைத்த சொத்து எல்லாவற்றையும் கூட்டிக் கட்டிக்கொண்டுதான் போகிறார். ஆக, நீ பிரஷர் மாத்திரையும் முட்டுக்குத் தேய்க்கிற தைலமும் எடுத்துப் போனால் விசுவாசக் குறைவு இல்லை. இன்னொன்று, பத்தாம் வசனத்திலேயே அந்தத் தேசத்தில் பஞ்சம். காட்டிய இடத்துக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்த மனுஷனுக்குத்தான் அது. அங்கே போய் நாலு மாதத்தில் எல்லாம் கசந்தால், தப்பாக வந்துவிட்டோம் என்று உடனே முடிவுகட்டாதே.

அசரியா பிஷப்பை நினைத்துப் பார்க்கிறேன். 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய பிஷப் ஆனதைத்தான் எல்லாரும் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கென்னவோ 1909தான் பெரிதாகத் தெரிகிறது. 1902இல் யாழ்ப்பாணம் போனபோது, அங்குள்ள தமிழ்ச் சபையார் கடல் தாண்டி நம் கரைக்கு ஊழியரை அனுப்பியிருப்பதைக் கண்டு அவருக்கு உறைத்தது. மறு வருஷமே இங்கே பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியது. நிஜாம் சீமையில் இருந்த தோர்ணக்கல்லுக்கு நம் ஊர் ஆட்கள் போனார்கள். அனுப்பி வைத்த வரைக்கும் சரி. ஆனால் மற்றவர்களைப் போ என்று சொல்லிவிட்டு நான் இங்கேயே இருப்பதா என்ற கேள்வி அவரை விடவில்லை. ஒய்.எம்.சி.ஏ.வில் நல்ல பொறுப்பில் இருந்தவர், 1909இல், 35 வயதில் அதை விட்டுவிட்டுத் தானே தோர்ணக்கல்லுக்குக் கிளம்பினார். வெள்ளாளன்விளைக்காரர் தெலுங்கு படித்து, தெலுங்கர் நடுவில் கடைசிவரை இருந்தார். பேச்சில் பெயரெடுத்தவருக்கு வேற்று மொழியில் வாய் குழறுவதை நினைத்துப் பார். தூரத்தைவிட அதுதான் நமக்குப் பயம், இல்லையா? 30 வருஷம் ‘சிஸ்டர்’ என்றால் வார்டே நிமிரும் உனக்கு அங்கே இந்தியும் தெரியாது, சந்தாலியும் தெரியாது; சின்னப் பிள்ளைகள் உன்னைத் திருத்துவார்கள்.

என் கதையையும் கேள். போன ஜூனில் எங்கள் போதகரின் மனைவி ஐயரம்மா, நோயாளிகளைப் பார்க்க என்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு வியாழக்கிழமைதோறும் வரச் சொன்னார்கள். 27 வருஷமாகப் பாடகர் குழுவில் ஆல்டோ பாடிக்கொண்டு பத்திரமாக இருந்தவள் நான். மருந்து வாடையே எனக்கு ஆகாது. முதல் நாள், கையில் மாவுக்கட்டுப் போட்ட ஒரு பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து 23ஆம் சங்கீதத்தை ராகமாக வாசித்தேன். பாதியில், “அது கெடக்கட்டும் தாயி, தலைய சீவி விடுதியா?” என்றாள். தலையணைக்கு அடியில் துணியில் சுற்றிய சீப்பு, இரண்டு பல் போனது. நாலு நாளாகச் சிக்குப் பிடித்த முடி. இழுத்தால் வலிக்குமே என்று நுனியிலிருந்து எடுத்து எடுத்து முக்கால் மணி நேரம் ஆயிற்று. அன்றைக்கு வேதத்தை அதற்கப்புறம் திறக்கவில்லை. இப்போது என் பையில் ஒரு சின்ன பாட்டிலில் தேங்காய் எண்ணெயும் இருக்கிறது. வாடை இன்னும் பழகவில்லை. சில வியாழன்களில் மழை வந்தால் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

அதனால் போ என்றோ போகாதே என்றோ நான் சொல்ல மாட்டேன். அவர்களிடம் மூன்று விஷயம் கேட்டு எழுது: இரவு டியூட்டி உண்டா, இந்தி சொல்லித்தர ஆள் இருக்கிறதா, முடியாவிட்டால் நடுவில் திரும்பி வரலாமா. உன் மகனிடமும் பேசு, அவனுக்குத் தெரியாமல் டிக்கெட் போட்டுவிடாதே.

அப்புறம், அங்கே டிசம்பரில் நல்ல குளிராமே. ஊட்டியில் வாங்கிய என் சிவப்பு ஸ்வெட்டர் பீரோவில் சும்மா கிடக்கிறது. வெயிலில் போட்டு எடுத்து வைத்திருக்கிறேன்.

உன்,
ஜெபா